பாண்டி, மலையாளி, ஹிந்திக்காரன்: நிறத்தையும் இனத்தையும் சாதியையும் பற்றிக் குமரியில் உட்கார்ந்து பேச ஒரு வழிகாட்டி

களியக்காவிளையில் கேரள எல்லையைத் தாண்டினால் நான் பாண்டி; தமிழனை அங்கே கேலியாகக் கூப்பிடும் பெயர் அது. திருவனந்தபுரம் தம்பானூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஆட்டோக்காரரிடம் வழி சொல்ல வாயைத் திறந்தால் போதும், அவர் முகத்தில் அந்தச் சின்ன மாற்றம் வந்துவிடும். சென்னைக்குப் போனால் அதே வாய்க்கு வேறு பட்டம்: "சார் மலையாளியா?" ஊருக்குத் திரும்பிச் சந்திப்புச் சாயக்கடையில் நிற்கும்போது, "இந்த ஹிந்திக்காரப் பயலுவ தொல்லை பொறுக்க முடியல, கேட்டியளா" என்று பக்கத்தில் ஒருவர் சொல்ல, நானும் தலையை ஆட்டியிருக்கிறேன். மூன்றும் ஒரே வாரத்தில் நடந்ததுண்டு.

இனவெறி என்றால் அமெரிக்கா, நிறவெறி என்றால் தென்னாப்பிரிக்கா என்று பாடப்புத்தகத்தோடு முடித்துக்கொண்டவர்கள் நாம். எங்கள் படிப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் ஏழெட்டுப் பேர் கூடி இதைப் பற்றிப் பேசத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. சில நாள் நன்றாகப் போனது. இரண்டு நாள் நாற்காலி தள்ளப்பட்டது. ஒருவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. அந்த அனுபவத்தில் கற்றதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். இளைஞர் மன்றம், சர்ச் வாலிபர் கூட்டம், மகளிர் குழு, அல்லது வீட்டுத் திண்ணை, எங்கே வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் ஒன்று. நிதானமாகப் பேசுவது என்றால் இரண்டு பக்கத்துக்கும் பாதிப்பாதி நியாயம் பிரித்துக் கொடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அறைந்தவனையும் அறை வாங்கினவனையும் பக்கத்தில் நிறுத்தி "ரெண்டு பேரும் கொஞ்சம் விட்டுக்கொடுங்க" என்பது பஞ்சாயத்துக்கு வசதி, அவ்வளவுதான். நான் சொல்லும் நிதானம் எடைக்கல் சம்பந்தப்பட்டது. நம் பக்கத்துக் கதையை நிறுக்கும் அதே கல்லால் எதிர்ப் பக்கத்துக் கதையையும் நிறுக்க வேண்டும்.

படி 1: சொற்களைப் பிரித்து வையுங்கள்

பேச்சு கெடுவது பெரும்பாலும் 'இனம்' என்ற ஒரே சொல்லில்தான். "தமிழினம்" என்கிறோம், அது மொழி. "அவங்க நம்ம இனத்தாளு" என்று கல்யாணப் பேச்சில் சொன்னால் அது சாதி. "கறுப்பினம்" என்றால் தோல். கோழியில் நாட்டு இனம், பிராய்லர் இனம் என்பது வேறு. நாலு அர்த்தத்தில் நாலு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள், சண்டை மட்டும் ஒன்றாக நடக்கும்.

அதனால் முதல் கூட்டத்தில் ஒரு சார்ட் தாளில் நிறம், சாதி, மொழி, பிறந்த ஊர், மதம் என்று தனித்தனியாக எழுதி ஒட்டுங்கள். ஒருவர் ஒரு சம்பவம் சொல்லும்போது அது எதில் சேரும் என்று கேளுங்கள். சில இரண்டு மூன்றில் சேரும். பரவாயில்லை.

நம் அரசியல் சட்டமே இதைப் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. 15ஆம் பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, இவற்றை வைத்து அரசு பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. "சாதியும் இனவெறிதானே?" என்று கூட்டத்தில் யாராவது நிச்சயம் கேட்பார்கள். 2001-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஐ.நா. நடத்திய இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் இதே கேள்விதான் பெரிய வாக்குவாதமானது. தலித் அமைப்புகள் ஆம் என்றன. இந்திய அரசு சாதி வேறு, இனம் வேறு என்றது. அடுத்த வருடம் ஐ.நா.வின் இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு, சாதி போன்ற பிறப்புவழிப் பாகுபாடும் இனப்பாகுபாட்டுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கைக்குள் வரும் என்று கருத்துச் சொன்னது. உங்கள் கூட்டம் இதைத் தீர்த்துவைக்க வேண்டியதில்லை. இப்படி ஒரு வாக்குவாதம் நடந்தது என்று தெரிந்தால் போதும், பாதிச் சத்தம் குறையும்.

இன்னொன்றும் வரும்: "நாம திராவிட இனம், வேற ரத்தம்." திராவிடம் என்று 1856-ல் கால்டுவெல் பாதிரியார் ஒப்பிட்டுக் காட்டியது மொழிக் குடும்பத்தை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உறவு என்பதற்கு இலக்கணச் சான்று உண்டு. ரத்தத்துக்கு அது சான்றாகாது. எல்லை தாண்டியுள்ள இடையன்குடியிலிருந்த அதே கால்டுவெல், தன் சபையில் சேர்ந்த மக்களைப் பற்றியே 1849-ல் ஒரு சிறுநூல் எழுதி, அவர்கள் இங்கத்தவர்கள் அல்லர், இலங்கையிலிருந்து வந்தவர்கள், அறிவில் மந்தமானவர்கள் என்ற ரீதியில் சொல்லப்போக, அந்தச் சமூகம் கொதித்தெழுந்தது. மொழியில் மேதை, மனிதர்களை வகைபிரிப்பதில் தன் காலத்து ஐரோப்பியர். ஒரே ஆளிடம் இரண்டும் இருக்கலாம் என்று காட்ட எனக்கு இதைவிடப் பக்கத்து உதாரணம் கிடையாது.

அறிவியல் பக்கம் இரண்டே தகவல் போதும். 1972-ல் ரிச்சர்ட் லெவன்டின் என்ற மரபியலாளர் கணக்கிட்டபோது, மனிதர்களின் மரபணு வேறுபாட்டில் சுமார் 85 விழுக்காடு ஒரே மக்கள்கூட்டத்துக்குள்ளேயே இருந்தது. இனம் என்று நாம் சொல்லும் பெரும் பிரிவுகளுக்கு இடையே இருந்தது 6 விழுக்காட்டுச் சொச்சம். இரண்டாவது, தோலின் கறுப்பு வெயிலின் புறஊதாக் கதிரிலிருந்து காக்கும் மெலனின். வெயில் அதிகமுள்ள நாட்டில் அது சொத்து.

படி 2: கூட்டத்துக்கு முன்னால் இரண்டு பத்தி

ஒரு தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் "நான் சிறுமைப்பட்டது", வலப்பக்கம் "நான் சிறுமைப்படுத்தியது" என்று எழுதுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம்.

இடப்பக்கம் மளமளவென்று நிறைந்துவிடும். வலப்பக்கம் பேனா நிற்கும். நான் எழுதியபோது இடப்பக்கம் பதினொன்று, வலப்பக்கம் ஒன்று. ஒரு வாரம் கழித்து வலப்பக்கம் ஆறு ஆனது. அதில் ஒன்று: காந்தி மண்டபம் பக்கம் மணிப்பூரோ மிசோரமோ, சுற்றுலா வந்த பையன்களைப் பார்த்து "ஜாக்கிசான்" என்று நண்பன் கத்த, நான் சிரித்தது. அவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அருணாசலப் பிரதேசத்து மாணவர் நிடோ தானியா 2014 ஜனவரியில் டெல்லியில் தோற்றத்தைக் கிண்டல் செய்ததில் தொடங்கிய தகராறில் அடிபட்டு இறந்தார் என்று பின்னால் படித்தபோதுதான் அந்தச் சிரிப்பு எனக்கு ஞாபகம் வந்தது.

இந்தத் தாள் குற்றம் ஒப்புக்கொள்ள எழுதுவதல்ல. எதிரில் இருப்பவர் மழுப்பும்போது, அந்த மழுப்பல் நமக்கும் எவ்வளவு பழக்கம் என்று தெரிந்திருந்தால் குரல் தானாக இறங்கும்.

படி 3: ஊர் வரலாற்றைத் தேதியோடு தெரிந்துகொள்ளுங்கள்

இந்த மாவட்டத்தில் சமத்துவம் பற்றிப் பேச வெளியூர் உதாரணம் தேட வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் நமக்குத் தெரிந்த வரலாறு பாதி மேடைப்பேச்சு. கொஞ்சம் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

தோள்சீலைப் போராட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று குமரியும் சேர்ந்திருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் கீழ்ச்சாதி என்று ஒதுக்கப்பட்ட பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்ற வழக்கத்தை எதிர்த்து, 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதி முழுக்க இந்தப் பகுதியில் சண்டை நடந்தது. சந்தைகளில் சீலை கிழிக்கப்பட்டது, வீடுகள் எரிந்தன. 1859 ஜூலை 26-ல் அரசாணை வந்தது. இதுவரை எல்லாரும் சொல்வார்கள். அந்த ஆணையில் ஒரு வாசகம் இருந்தது: நாடார் பெண்கள் உடம்பை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் கூடாது. வெற்றிக்குள்ளேயே கோடு போட்டுத்தான் கொடுத்தார்கள். அந்த ஆணை வந்தபோதும் புலையர், பறையர் பெண்களின் நிலை வேறாகத்தான் இருந்தது. சமஸ்தானத்தில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்ததே 1855-ல்தான். சாதி அடையாளமாக அணியவைத்த கல்மாலையை அறுத்தெறிந்து மேலாடை உடுத்தும் போராட்டம் அய்யன்காளி தலைமையில் கொல்லம் பக்கம் பெரினாட்டில் 1915-ல் நடந்தது. இடையில் அரை நூற்றாண்டுக்கு மேல்.

சுவாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் (1809–1851) தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்னார், முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒன்றாக நீர் இறைத்துக் குளிக்கச் செய்தார். 1926-ல் சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக டாக்டர் எம்.ஈ. நாயுடு முன்னின்று சத்தியாகிரகம் நடந்தது. கோயிலுக்குள் நுழைய 1936 நவம்பர் 12 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1892 டிசம்பரில் திருவிதாங்கூர் வழியாகக் குமரிக்கு வந்த விவேகானந்தர், 1897-ல் சென்னையில் பேசும்போது, இந்த மலையாளக் கரைச் சாதிக் கொடுமையைச் சொல்லி, இவர்கள் வீடுகளெல்லாம் பைத்தியக்கார விடுதிகள் என்றார். பாறையில் அவருக்கு மண்டபம் கட்டிய நாம் அந்த வரியை மட்டும் அவ்வளவாகச் சொல்வதில்லை.

எடைக்கல் இங்கேதான் வேலை செய்யும். மார்பு வரி கேட்டவர்களுக்குத் தன் மார்பையே அறுத்துக் கொடுத்தாள் என்னும் சேர்த்தலை நங்கேலி கதையைச் சிலர் முதல் ஆதாரமாக எடுத்து வைப்பார்கள். அது வாய்மொழியாக வந்தது. ஆவணச் சான்று போதாது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்கிறார்கள். அதை முன்னால் வைத்தால், எதிராளி அந்த ஒன்றைத் தட்டிவிட்டு மீதி எல்லாவற்றையும் சேர்த்துத் தள்ளிவிடுவார். தேதியும் ஆணையும் உள்ளது இவ்வளவு இருக்கும்போது எதற்கு?

என் சாதி எது என்று நான் சொல்லவில்லை. இந்த மாவட்டத்துக்காரராக இருந்தால் இந்நேரம் ஊகிக்கத் தொடங்கியிருப்பீர்கள். "வீடு எங்க?" "ஊர்ல எந்தப் பக்கம்?" "எந்தச் சபை?" இந்த மூன்று கேள்வியில் கண்டுபிடித்துவிடுவோம், நேராகக் கேட்டதாகவும் இருக்காது. இதையே ஒரு கூட்டத்தில் விளையாட்டாகச் செய்து பாருங்கள். சிரிப்பில் தொடங்கும், அப்புறம் அறை அமைதியாகிவிடும். அந்த அமைதிக்குப் பிறகு நடக்கும் பேச்சு நன்றாக இருக்கும்.

படி 4: இடம், நேரம், ஆள்

கல்யாண வீடு, துக்க வீடு, தேர்தல் வாரம், கோயில் கொடை, சர்ச் திருவிழா, இவற்றில் வேண்டாம். இரவு பத்து மணிக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வேண்டவே வேண்டாம். எட்டுப் பேருக்கு மேல் போனால் பேச்சு பிரசங்கமாகிவிடும். சாயா, ரசவடை கட்டாயம். கையில் எதுவும் இல்லாத மனிதன் சீக்கிரம் கோபப்படுகிறான்.

வயதானவர்கள் "அதெல்லாம் பேசாத மக்களே" என்பார்கள். பயந்தாங்கொள்ளித்தனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் வெடித்த மதக் கலவரத்தைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். அண்டை வீட்டோடு பல வருடம் பேச்சில்லாமல் இருந்தவர்கள். முதலில் அவர்களை அதைப் பற்றிச் சொல்லச் சொல்லுங்கள், நடுவில் குறுக்கிடாதீர்கள். அப்புறம் அவர்களே நமக்கு வழிவிடுவார்கள்.

படி 5: கருத்தைக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள்

"வடநாட்டுத் தொழிலாளர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால் வரும் பதில் எல்லாம் எங்கோ கேட்டது. "நீங்கள் கடைசியாக அவர்களில் ஒருவரோடு பேசியது எப்போது, என்ன பேசினீர்கள்?" என்று கேளுங்கள்.

எங்கள் சந்திப்புச் சாயக்கடையை உதாரணம் சொல்கிறேன். ஊர்க்காரர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். கட்டட வேலைக்கு வரும் ஒடிசா, அசாம், மேற்கு வங்கப் பையன்களுக்குப் பேப்பர் கப். யாரும் போர்டு வைக்கவில்லை, ஆள் முகத்தைப் பார்த்ததும் கடைக்கார அண்ணன் கை தானாக எதை எடுக்க வேண்டுமோ அதை எடுக்கும். நானும் நாலைந்து வருடமாக அங்கே நின்று குடித்திருக்கிறேன், ஒரு நாளும் கண்ணில் படவில்லை. தங்கை மகள் லீவுக்கு வந்தபோது "மாமா, அவங்களுக்கு மட்டும் ஏன் அது?" என்றாள்.

இதை எங்கள் கூட்டத்தில் மூன்று கேள்வியாகப் பிரித்தோம். ஒன்று, அண்ணன் மனதில் என்ன இருந்தது? அவரைக் கேட்டால், "அவனுவ பத்துப் பதினஞ்சு பேரா ஒண்ணா வருவானுவ, கிளாஸ் கழுவித் தீராது" என்றார். பொய் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு, நடந்தது என்ன? காலையில் பதினைந்து ஊர்க்காரர்கள் ரப்பர் பால்வெட்டு முடித்து ஒன்றாக வந்தாலும் அவர்களுக்குக் கிளாஸ்தான். மூன்று, இது பெரிதாக எதோடு சேர்கிறது? முந்தின தலைமுறையில் ரெட்டை டம்ளர் யாருக்கு இருந்தது என்று கூட்டத்திலிருந்த ஒரு பெரியவர் சொன்னார். மற்ற யாரும் பேசவில்லை.

மனது, நடப்பு, பின்னணி என்று இந்த மூன்றையும் குழப்பாமல் வைத்துக்கொண்டால் போதும், பாதிச் சண்டை வராது. "நீ சாதிவெறி பிடிச்சவன்" என்பது மனதைப் பற்றிய தீர்ப்பு. அதை யாரும் நிரூபிக்க முடியாது, யாரும் ஒப்புக்கொள்ளவும் மாட்டார்கள். கப்பைப் பற்றிப் பேசலாம். கப் மேசை மேல் இருக்கிறது.

படி 6: வீட்டுக்குள் வரும் நிறம்

"கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா." இந்த வாக்கியத்தில் எந்தச் சொல் தப்பு என்று மகளிர் குழுவில் கேட்டுப் பாருங்கள். முதலில் "கறுப்பு" என்பார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு அக்கா "இருந்தாலும்" என்பார். எங்கள் கூட்டத்தில் அப்படித்தான் நடந்தது. அதைச் சொன்ன அக்கா அண்டியாபீசில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்ப்பவர்.

கர்ப்பிணிக்குக் குங்குமப்பூப் பால் கொடுத்தால் பிள்ளை வெளுக்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. இங்கே கிண்டல் வேண்டாம். அதைக் கொடுக்கும் மாமியாருக்குப் பேத்தியை எப்படிக் கட்டிக்கொடுப்பது என்ற பயம். பயத்தை உண்டாக்கியது சந்தை. 2020 மே 25-ல் மினியாபொலிசில் ஜார்ஜ் ஃபிளாய்டைப் போலீஸ் கொன்ற பிறகு உலகம் முழுக்க எழுந்த சத்தத்தில், ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரில் இருந்த ஃபேரை எடுத்துவிட்டு குளோ என்று மாற்றிக்கொண்டது. மணமக்கள் தேவை விளம்பரத்தில் "நல்ல நிறம்" இன்னும் இருக்கிறது. அந்தக் கொலையைக் கண்டித்து அன்று கறுப்புச் சதுரத்தை ஸ்டேட்டஸில் வைத்தவர்களில் நானும் ஒருவன், அதே மாதம் எங்கள் வீட்டில் ஒரு பெண்ணின் போட்டோ "கொஞ்சம் நிறம் கம்மி" என்று திருப்பி அனுப்பப்பட்டது. நான் வாய் திறக்கவில்லை. வலப்பக்கப் பத்தியில் அது நாலாவது.

படி 7: "எங்க கூலி போச்சே"

எந்தக் கூட்டத்திலும் இது வரும், வர வேண்டும். கொத்தனாரும் கையாளும் உட்கார்ந்திருக்கும் இடத்தில் "அவர்களும் நம் சகோதரர்கள்" என்று ஆரம்பித்தால் அவர்கள் எழுந்து போய்விடுவார்கள், போவதில் நியாயமும் உண்டு. குறைந்த கூலிக்கு ஆள் கிடைத்தால் நம் ஆளுக்கு வேலை குறையும். அந்த நஷ்டம் நிஜம்.

அடுத்த கேள்வியைச் சேர்ந்து கேளுங்கள்: குறைத்துக் கொடுப்பது யார்? வந்தவன் கேட்டுக் குறைக்கவில்லை. அழைத்து வரும் காண்டிராக்டர் இடையில் எடுக்கிறார், வீடு கட்டும் நாமும் "அவங்கள வச்சா எவ்வளவு மிச்சம்?" என்று கணக்குப் பார்க்கிறோம். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காக 1979-ல் வந்த சட்டத்திலேயே, உள்ளூர் ஆளுக்கு இணையான கூலி, போக்குவரத்துப் படி, தங்குமிடம், மருத்துவ வசதி எல்லாம் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அந்தச் சம கூலி உண்மையிலேயே கிடைத்தால் உள்ளூர்க் கொத்தனாருக்கும்தான் லாபம். இதைச் சொன்னபோது எங்கள் கூட்டத்தில் ஒரு கொத்தனார் அண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்பம் சண்டை போட வேண்டிய ஆளே வேறயாக்கும்" என்றார்.

"அவனுவ சுத்தமில்ல" என்பதும் வரும். பன்னிரண்டு பேரை ஒரு தகரக் கொட்டகையில், ஒரே குழாயோடு தங்க வைத்தது யார் என்று கேளுங்கள். வாடகைக்கு வீடு தர மாட்டோம் என்பதும் நாம்தான், வீடில்லாதவன் போல இருக்கிறான் என்பதும் நாம்தான். இந்த மாவட்டத்துக் கடற்கரை ஊர்களில் வளைகுடாவில் கடல் தொழிலுக்குப் போய் வந்தவர்களைக் கூப்பிட்டு, அங்கே எத்தனை பேர் ஒரு அறையில் படுத்தார்கள், பாஸ்போர்ட் யார் கையில் இருந்தது என்று கேட்டால், நீங்கள் அதற்கு மேல் எதுவும் விளக்க வேண்டி வராது.

படி 8: வீடியோ வந்தால்

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. வேறு எங்கோ எப்போதோ நடந்ததைத் தூக்கிப் போட்டிருந்தார்கள். போலீஸ் மறுத்தது, பீகார் அரசே குழு அனுப்பிப் பார்த்தது. அதற்குள் ரயிலேறிப் போனவர்கள் போய்விட்டார்கள். நம்மைக் கெட்டவர்களாகக் காட்டிய வீடியோ பொய் என்று நமக்கு அன்று எவ்வளவு சீக்கிரம் தெரிந்தது! "ஹிந்திக்காரன் பிள்ளை பிடிக்கிறான்" என்று வரும் வீடியோவுக்கும் அதே வேகம் வேண்டும். எங்கே, எப்போது, யார் எடுத்தது. மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அனுப்பாதீர்கள்.

படி 9: பாதிக்கப்பட்டவரைக் காட்சிப்பொருளாக்காதீர்கள்

நாங்கள் செய்த பெரிய தவறு இது. ஒடிசாக்காரத் தம்பி ஒருவரைக் கூட்டத்துக்கு அழைத்து, நடுநாற்காலியில் உட்கார வைத்து, "உங்க கஷ்டத்தைச் சொல்லுங்க" என்றோம். எட்டுப் பேர் அவர் வாயைப் பார்த்தோம். "எல்லாம் நல்லாருக்கு அண்ணா" என்றார். வேறென்ன சொல்வார்? நாளைக்கு அதே ஊரில் வேலை செய்ய வேண்டுமே.

கூட்டம் முடிந்து பாத்திரம் கழுவும்போதுதான் அவராகப் பேசினார். எல்லாரும் தன்னை "பெங்காலி" என்று கூப்பிடுவதுதான் கோபமாம். ஒடியா என்றால் பெங்காலியா என்றார். நான் பாண்டி கதையைச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பின் சூட்டிலேயே, தன்னோடு தங்கியிருக்கும் ஜார்க்கண்ட் பையன்களைப் பற்றி, "அவங்க காட்டு ஆளுங்க அண்ணா, நம்மள மாதிரி இல்ல" என்றார். "நம்மள" என்றபோது என்னையும் அவரோடு சேர்த்துக்கொண்டார். எனக்கு அதில் ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

இது ஒடிசாவுக்கு மட்டும் உரியதல்ல. 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கூலிகளாகப் போனவர்களில் தமிழர்கள் ஏராளம். நிறவெறி ஆட்சி 1983-ல் புதிய அரசியல் சட்டம் கொண்டுவந்து, இந்தியர்களுக்கும் கலப்பினத்தவர்க்கும் தனித்தனி அவை கொடுத்து, கறுப்பர்களை மட்டும் வெளியே நிறுத்தியது. ஒரு படி மேலே ஏறிக்கொள்கிறாயா என்று கேட்டார்கள். பெரும்பாலான இந்தியர்கள் அடுத்த வருடத் தேர்தலில் வாக்களிக்கப் போகவில்லை. நம் ஆட்கள் நின்ற இடங்களில் நான் பெருமையாகச் சொல்வது அது.

படி 10: சூடு ஏறினால்

நாங்கள் கையாளும் சில வாக்கியங்கள், அப்படியே தருகிறேன்: "அண்ணே, நான் ஒங்களச் சொல்லல்ல, அந்தக் காரியத்தச் சொல்லுகேன்." "சரி, இது நீங்க கண்டதா, கேட்டதா?" "எனக்கும் முன்ன அப்படித்தான் தோணிச்சு." மூன்றாவதைப் பொய்யாகச் சொல்லக்கூடாது, தெரிந்துவிடும்.

யாராவது "எல்லா ஊர்லயும் இருக்கத்தான் செய்யுது" என்றால் ஒத்துக்கொண்டு, "நம்ம ஊர்ல எப்படி இருக்கு?" என்று திரும்புங்கள். இட ஒதுக்கீடு வந்துவிட்டால் அன்று அதைத் தொடாதீர்கள். அது தனிக் கூட்டம். தரவு இல்லாமல் பேசினால் வீணாகும்.

அப்புறம், பேச்சு போதாத இடமும் உண்டு. பட்டியல் சாதி, பழங்குடி மக்களைப் பொது இடத்தில் சாதி சொல்லி இழிவுபடுத்துவது 1989-ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் குற்றம். அங்கே வட்டமாக உட்கார்ந்து இரு பக்கமும் கேட்பது சமாதானம் பேசும் பஞ்சாயத்தாகி, அடிபட்டவரையே மறுபடி அடிக்கும். காவல் நிலையம் போக உடன் செல்லுங்கள். 14566 என்ற இலவச உதவி எண் இருக்கிறது. பேச்சிப்பாறைக்கு மேலே காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளிலும் அந்த எண்ணை எழுதி வையுங்கள்.

படி 11: தலை குனியாமல் மாற ஒரு வழி விடுங்கள்

சாயக்கடை அண்ணனிடம் நாங்கள் நாலு பேர் சேர்ந்து போய்க் கேட்டிருந்தால் அவர் முறைத்திருப்பார். கடைக்குக் கெட்ட பெயர் என்று ஊரே இரண்டாகியிருக்கும். ஒரு மத்தியானம், கூட்டமில்லாத நேரத்தில் நான் மட்டும் போனேன். தங்கை மகள் கேட்டதைச் சொன்னேன். "பிள்ளையளுக்கு என்ன தெரியும்" என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் அதற்கு மேல் இழுக்கவில்லை. சாயாவுக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அங்கே புதிதாக இரண்டு டஜன் கிளாசும் ஒரு பெரிய வெந்நீர் வாளியும் இருந்தன. பேப்பர் கப்பைக் காணோம். ஒடிசாத் தம்பியும் ஆட்களும் கிளாசில் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் புருவத்தைத் தூக்கி, "என்னடே, கப்ப நிறுத்திட்டியா?" என்றார்.

"கப்புக்குத் தடையாக்கும். ஆபீசர்மார் வருகானுவ" என்றார் அண்ணன்.

பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப்புக்குத் தடை வந்தது 2019 ஜனவரியில். நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு சாயா சொன்னேன்.